நொண்டி வாத்துக் கடையின் நேரான தரை

...அதத்தானே சொன்னேன், குனிங்க குனிங்கன்னு! காதுல விழுந்துச்சா? மொத உத்திரத்துக்கு எல்லாரும்தான் குனிவாங்க, மகா கெட்டிக்காரங்க மாதிரி. குனிஞ்சு, நிமிந்து, 'அப்பாடா தப்பிச்சோம்'னு ஒரு சிரிப்பு சிரிப்பாங்க பாருங்க, அங்கதான் ரெண்டாவது உத்திரம் காத்துக்கிட்டு இருக்கும். ணங்குன்னு ஒண்ணு! அடுப்படியில நின்ன எனக்கே கேட்டுச்சு. இந்தாங்க, ஐஸ் பட்டாணி பாக்கெட். நெத்தியில வச்சு அழுத்துங்க. பேசாதீங்க. தலையில அடிபட்டவங்க பேசவே கூடாது. நான் பேசிக்கிறேன்.

அங்க வேணாம், அங்க வேணாம்! ஜன்னலோரம் குளிர்காத்து வரும் தம்பி. இந்த மூலை பெஞ்சுல உக்காருங்க. ம்... இன்னும் உள்ள தள்ளி. நல்லா முதுகைச் சாய்ச்சு, உடம்பை விட்டு உக்காருங்க. முதுகுமூட்டையைக் கீழ வைக்காதீங்க, அதுவும் பெஞ்சு மேலயே இருக்கட்டும். அம்மாடி, என்ன கனம்! உள்ள என்ன, கூடாரமா? அடுப்பு கூடவா? சபாஷ். மலையெல்லாம் நடந்தே சுத்துறீங்களா... எதுக்கு? சரி, அது உங்க பாடு. எனக்கென்ன.

லெட்பரி பஸ்ஸா? அது இப்பவா வரும்? வரும்போது வரும். அந்த டிரைவர் வழியில அக்கா வீட்டுல டீ குடிச்சுட்டுத்தான் வருவான். நீங்க சாப்பிடுங்க. ஆட்டுக்கறி ஸ்டூ, உள்ள மாவு உருண்டை போட்டது. ரெண்டு உருண்டை போதுமா? நாலு வைக்கிறேன். ஆம்பளை உடம்புக்கு ரெண்டு எந்த மூலைக்கு?

எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க. 'ஏம்மா, பழைய காலத்து ஆளுங்க எல்லாம் குள்ளமா?' குள்ளமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. குடிக்க வந்தவன் உக்காந்து குடிச்சான், அவ்வளவுதான். நின்னுக்கிட்டே குடிக்கிற வழக்கமெல்லாம் இப்ப வந்தது. அடுத்த கேள்வி என்னன்னு நானே சொல்லவா? 'இந்த மரமெல்லாம் கப்பல்ல இருந்து எடுத்ததாமே?' அட, இந்த ஊருக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம்! எவன் கப்பலை உடைச்சு, மாட்டுவண்டியில ஏத்தி, மலையைத் தாண்டி இங்க கொண்டுவந்து இந்த 'நொண்டி வாத்து' சாராயக்கடையைக் கட்டினான்? பின்னாடி காட்டுல ஓக் மரம் நின்னுது. வெட்டினான், கட்டினான். கேட்டா மூஞ்சி சுருங்கிப் போகுது இவங்களுக்கு. எங்க வீட்டுக்காரர் பரவாயில்ல, 'ஆமாமா, பெரிய போர்க்கப்பல்'னு சொல்லி இன்னொரு கிளாஸ் ஊத்திருவார்.

அந்தத் தூண்ல கீறியிருக்கு பாருங்க, எந்திரிக்காதீங்க, உக்காந்தே பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு கோடு கோடா. தச்சன் போட்ட நம்பர் அது. மொத்தக் கட்டடத்தையும் தரையில படுக்கப்போட்டுப் பொருத்திப் பாத்து, நம்பர் போட்டுப் பிரிச்சு, அப்புறம்தான் தூக்கி நிறுத்துவாங்களாம். எங்க கட்டடத்துல நாலுக்குப் பக்கத்துல ஆறு நிக்குது. அஞ்சைத் தேடினா அது மேல கூரையில போய் உக்காந்திருக்கு! மத்தியானத்துலேயே ஆப்பிள் சைடர் குடிச்சிருக்கான் படுபாவி. அவன் குடிச்சதுக்கு நாங்க அனுபவிக்கிறோம். அதுவும் ஆணியே கிடையாது, எல்லாம் மரமுளை. ராத்திரி காத்தடிச்சா கட்டடம் மொத்தமும் நறநறன்னு பல்லைக் கடிக்கும். புதுசா வந்து தங்குறவங்க விடியறதுக்குள்ள ஓடியே போயிருவாங்க.

டொம்... கேட்டுச்சா? இருங்க, இருங்க. கட்டை விழுந்த சத்தம் எத்தனை? ஒண்ணு. ஒண்ணே ஒண்ணா! சே.

இந்தப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஆட்டம் நடக்குது. ஒன்பது கட்டை ஆட்டம். நீங்க ஆடினதில்லையா? நீள நீளமா பலகைத் தரை, அந்தக் கடைசியில ஒன்பது கட்டையை நிறுத்தியிருப்பாங்க, இந்தக் கடைசியில இருந்து மரப்பந்தை உருட்டி அடிக்கணும். ஒரு ஆளுக்கு மூணு பந்து. இன்னிக்கு லாங்மெர் ஊர்க்காரங்க வந்திருக்காங்க. லாங்மெர்! அவங்க பப்புல தரை சிமிட்டி. மேசை பிளாஸ்டிக். சுவத்துல ஒட்டியிருக்கிற உத்திரம் எல்லாம் பெயிண்ட் அடிச்ச வெறும் தகரம். தட்டிப் பாத்தா டப்பா சத்தம் வரும். அவங்க எங்களை ஜெயிச்சதே கிடையாது தெரியுமா, இந்தத் தரையில. ஒரு தடவை கூட.

ஏன்னு கேளுங்க. ஏன்னா எங்க தரை சாஞ்ச தரை! இந்தக் கட்டடமே ஆத்துப்பக்கம் சாஞ்சு நின்னுச்சு. பச்சை ஓக்குல கட்டினதாம். காயக் காய முறுக்கிக்கிட்டு, அது இஷ்டத்துக்குப் போயிருச்சு. கட்டினப்போ நேராத்தான் இருந்திருக்கும். கல்யாணத்தப்போ எங்க வீட்டுக்காரரும் நேராத்தான் இருந்தார். வெளியூர்க்காரன் வந்து நேரா உருட்டினா பந்து அப்படியே வளைஞ்சு போய் ஓரத்துல விழும். எங்க ஆளுங்க வலது மூலையைப் பாத்து எறிவாங்க, பந்து ஒரு சுத்து சுத்தி, நடுக்கட்டையை நெஞ்சுல அடிக்கும். பொறந்ததுலேருந்து பழகின கை.

சாப்பிடுங்க, ஆறிப் போகுது. இன்னொரு சைடர் ஊத்தட்டுமா? கேட்டுக்கிட்டு இருக்கேன் பாருங்க, ஊத்திட்டேன்.

இப்ப தரை நேரா இருக்கு. ரசமட்டம் வச்சுப் பாத்தா குமிழி நடுவுல வந்து கும்பிடு போடுது. இந்த வசந்தத்துல வந்தாங்க தச்சருங்க. மூலைத்தூணோட அடிக்கட்டை உளுத்துப் போச்சாம். ஜாக்கி வச்சாங்க, ஆப்பு அடிச்சாங்க, தூக்கினாங்க. சரி, உளுத்ததை மாத்திட்டு பழையபடி கோணலா விடவேண்டியதுதானே? இல்லையே! நேராக்கிட்டுத்தான் போனாங்க.

அன்னிலேருந்து பிடிச்சது சனியன். இந்தக் கடையில உள்ள ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பக்கம் கால் கட்டை, ஒரு பக்கம் கால் நெட்டை. சாஞ்ச தரைக்குன்னு அறுத்து வச்சது. தரை நேரானதும் மேசை எல்லாம் சாஞ்சு போச்சு! கிளாஸை வச்சா, அது பாட்டுக்கு ஊர்ந்து பக்கத்து ஆள் மடிக்குப் போகுது. அது யார் கிளாஸுன்னு நிதம் ஒரு சண்டை. தானா மூடிக்கிற கதவு இப்ப மூட மாட்டேங்குது. சுவத்துக் கடிகாரம் நின்னு போச்சு. அதோ, அடுப்புக்கிட்ட உக்காந்திருக்காரே செட்ரிக், ஈர்க்குச்சி மாதிரி... அவர் நாப்பது வருஷமா ஒரு பக்கமா ஒருக்களிச்சு உக்காந்து பழகின மனுஷன். தரை நேரான அன்னிக்கு சாயங்காலம் வந்தார், வழக்கம்போல உக்காந்தார், பொத்துன்னு கீழ விழுந்தார். ஒரு சொட்டுக் குடிக்கல! ஊரெல்லாம் நான்தான் கலப்படம் பண்ணிட்டேன்னு பேச்சு.

திரும்பச் சாய்ச்சிரலாம்னு கேட்டேன். கவுன்சில்ல பழங்கட்டடம் பாக்குற அம்மா இருக்காங்க, மிஸ் தோர்ன்பரி. இது பட்டியல்ல இருக்கிற கட்டடம் தம்பி, ஒரு கொக்கி மாட்டணும்னாலும் அந்தம்மாவைக் கேக்கணும். போன் பண்ணி, 'தயவுபண்ணி என் கடையைக் கொஞ்சம் சாய்ச்சுக் குடுங்க'ன்னேன். அந்தம்மா ரெண்டு தடவை 'சாய்க்கவா?'ன்னு கேட்டாங்க. அப்புறம் சொல்றாங்க, அனுமதி இல்லாம பழங்கட்டடத்தைச் சாய்க்கிறது குத்தமாம்! அது தானா சாஞ்சா சரியாம், நாம சாய்ச்சா ஜெயிலாம். நல்ல நியாயம்!

நேராக்கச் சொன்னது யாரா? அது... அது எதுக்கு இப்ப? ஸ்டூ எப்படி இருக்கு?

சரி, சொல்லித் தொலைக்கிறேன். மூட்டையை மட்டும் கீழ எறக்காதீங்க. அடுப்படியில முட்டை வச்சா உருண்டு உருண்டு கீழ விழும். ஒரு ஆம்லெட் போட ஒன்பது முட்டை எடுக்கணும். தச்சருங்க வந்தப்போ, அப்படியே பேச்சுவாக்குல, 'இதெல்லாம் கொஞ்சம் நேராக்கினா என்ன குறைஞ்சா போயிரும்'னு சொன்னேன். ஆமா, சொன்னேன். ஒரு இருபது தடவை சொல்லியிருப்பேன். பொம்பளை ஒரு வார்த்தை சொன்னா, உடனே அதை ரசமட்டம் வச்சா செய்யணும்? கல்யாணமான நாள்லேருந்து அலமாரி மாட்டுங்கன்னு சொல்றேன், அதை எவன் செஞ்சான்!

டொம். ரெண்டு கட்டை. அடக் கடவுளே. அது அஃப்ரிக்கான்னு நினைக்கிறேன், அவன் பேரே அதுதான், நம்ம ஆளு, லாரி ஓட்டுறவன். கண்ணை மூடிக்கிட்டு ஏழு அடிப்பானே! என்ன ஆச்சு இவனுங்களுக்கு? தம்பி, நீங்க இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நகந்து உக்காருங்க. கொஞ்சம்தான். அந்தப் பலகை முனகுதா? ம்... அதுதான். அங்கயே இருங்க.

எதுக்கு எந்திரிக்கிறீங்க? பஸ் சத்தமா? அது பஸ் இல்ல, டிராக்டர். பஸ்ஸா இருந்தாலும் திரும்பி வரும். எந்திரிக்காதீங்க தம்பி! உங்க கால்ல விழுறேன், ராசா, எந்திரிக்காதீங்க. சொல்லிடறேன். உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறேன். குரலை மட்டும் உசத்தாதீங்க.

இந்தப் பெஞ்சுக்குக் கீழ ஒரு பெரிய உத்திரம் ஓடுது. இங்க ஆரம்பிச்சு, சுவருக்கு அடியில புகுந்து, ஆட்டத்தரை முழுக்கத் தாங்குறது அதுதான். அதுக்கு நடுவுல முட்டு குடுத்த தூணும் உளுத்திருச்சுன்னு போன வாரம் எடுத்துட்டாங்க, புதுசு அடுத்த வாரம்தான் வரும். 'அதுவரைக்கும் இந்த மூலையில கனம் வைக்காதீங்க, உத்திரம் வளையும்'னு தச்சர் சொல்லிட்டுப் போனார். வளையும்! எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்ல? ஒரு விரக்கடை வளைஞ்சா தரை பழையபடி ஆத்துப்பக்கம் சாயும். கவுன்சில் கேட்டா நான் கட்டடத்தைத் தொடவே இல்ல, ஒரு வாடிக்கைக்காரர் உக்காந்தார், அவ்வளவுதான். உக்காரக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?

இல்ல இல்ல, விழாது. விழுந்தா தச்சர் சொல்லியிருப்பாரே.

முந்தாநாள் உருளைக்கிழங்கு மூட்டை வச்சுப் பாத்தேன், போதல. பீப்பாயை நகத்தினா எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்சிருவார். நம்ம ஊர்ல கனமான ஆளுங்க எல்லாம் உள்ள ஆடறாங்க. வெளிய இருக்கறதெல்லாம் செட்ரிக் மாதிரி சருகுங்க. நாலு செட்ரிக்கை உக்காத்தி வச்சாலும் ஒரு எலி கனம் தேறாது. என்ன பண்றதுன்னு தெரியாம, அடுப்படியில நின்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருக்கேன், அப்பத்தான் ணங்குன்னு சத்தம். வெளிய வந்து பாத்தா... வாசலை அடைச்சுக்கிட்டு நீங்க! முதுகுல மூட்டை வேற! தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, உங்களை அந்தக் கடவுளே அனுப்பிவச்சான்.

சிரிக்காதீங்க. எனக்குச் சிரிப்பா இல்ல. எங்க வீட்டுக்காரர், டென்சில், அவர்தான் எங்க டீம் கேப்டன். தரை நேரான நாள்லேருந்து மனுஷன் வாயையே திறக்கல. சாப்பிட்டதும் கோட்டை மாட்டிக்கிட்டு வெளிய போயிடறார். எங்க போறீங்கன்னா 'சும்மா'ங்கிறார். போன ஞாயித்துக்கிழமை சொல்றார், 'பெரில், லாங்மெர்கிட்ட தோத்தோம்னா கடைக் குத்தகையைத் திருப்பிக் குடுத்துருவோம். தோத்தவன் கடைக்கு எவன் வருவான்? நாம உன் தங்கச்சி ஊருக்குப் போயிருவோம்'னு. என் தங்கச்சி ஊர் எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. வீடெல்லாம் வரிசையா, ஒரே மாதிரி, எல்லா மூலையும் செங்கோணம். நான் அங்க செத்தே போயிருவேன் தம்பி. இந்தக் கடையை நான் திட்டுறேன், காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் திட்டுறேன், இல்லேங்கல. ஆனா இதை விட்டுட்டு எங்க போய் நான் எதைத் திட்டுவேன்?

அதான் கேக்குறேன். ஆட்டம் முடியற வரைக்கும் உக்காருங்க. ஆப்பிள் புட்டிங் சுடச்சுட இருக்கு, மேல கஸ்டர்ட் ஊத்தித் தரேன். எல்லாம் கடைக் கணக்கு. இன்னொரு உருண்டை?

டொம். ஒண்ணுமே விழல. ஐயோ, ஒண்ணுமே விழலையே! பலகை இடுக்கு வழியா பாக்குறேன் இருங்க... நம்ம ஆளுங்க மூஞ்சியெல்லாம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு. லாங்மெர்காரன் ஒருத்தன் எறியறான்... எட்டு! எட்டு எப்படிடா விழுந்துச்சு? அவனுங்களுக்கு சாஞ்ச தரைன்னாலே ஆகாதே! தம்பி, இன்னும் இடது பக்கம் சாயுங்க. மூட்டையை மடியில வச்சுக்கோங்க. செட்ரிக்! நீயும் வந்து இவர் பக்கத்துல உக்காரு. கேள்வி கேக்காம உக்காருய்யா. ஒரு எலி கனம் கூடட்டும்.

என்ன... கக்கூஸா? இப்பவா? அடக்கிக்கக் கூடாதா? இன்னும் ஒரே ரவுண்டு. அதுவும் நம்ம ஆளுங்க பக்கம் ரெண்டே பேர்தான் பாக்கி. குழந்தைங்களே அடக்குதே தம்பி! சரி, நாலு சைடர் ஊத்தினது நான்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கக்கூஸும் பழங்கட்டடம்தான், உள்ள போறது சுலபம், தாழ்ப்பாள் திறக்காது, போன வாரம் பாதிரியார் மாட்டிக்கிட்டு... தம்பி! தம்பி, போகாதீங்க! மூட்டையையாவது வச்சுட்டுப் போங்க! அட, மூட்டையையும் தூக்கிட்டுப் போறாரே! நான் திருடிருவேனா?

போச்சு. எல்லாம் போச்சு. செட்ரிக், நீ எதுக்குய்யா இன்னும் உக்காந்திருக்கே? எந்திரி. போய் உன் இடத்துல விழு. நான் பெட்டி கட்டறேன். செங்கோண ஊருக்குப் போறேன்.

படபடபடன்னு... என்ன சத்தம் அது?

ஒன்பதும் விழுந்துச்சா? யாரு? நம்ம அஃப்ரிக்காவோட தம்பி கில்பர்ட்டா? மறுபடியும் நிறுத்தறாங்க... மறுபடியும் படபடன்னு... ஒன்பதும்! கூப்பாடு போடறாங்க, நம்ம ஆளுங்கதான் கூப்பாடு போடறாங்க! இட்ரிஸ்! ஏய் இட்ரிஸ்! கட்டை நிறுத்துறவனே, இந்த இடுக்குக்கிட்ட வா. என்னடா நடக்குது உள்ள?

...என்னது?

...பள்ளிக்கூட ஹாலிலா? ராத்திரி ராத்திரி? நேரான தரையில பழகினீங்களா, எல்லாருமா? என்கிட்ட ஏன்டா சொல்லல? ...நான் ஓட்டை வாயா? யாரு சொன்னா? டென்சிலா சொன்னார்? ...சரி, அதை அப்புறம் பாத்துக்கறேன். லாங்மெர்காரனுங்க என்ன பண்ணினானுங்க? ...பலகைக்கு அடியில செங்கல் வச்சு, சாய்ச்சு, எங்க கோணலுக்குன்னே பழகிட்டு வந்தானுங்களா! இங்க வந்து நேரான தரையைப் பாத்து முழிக்கப் போறானுங்கன்னு நீங்க எல்லாம் ரகசியமா காத்துக்கிட்டு இருந்தீங்களா? ...சாயங்காலம் ஆட்டம் தொடங்கினதும் தரை எப்படியோ சாஞ்சு போச்சா? இப்பத் திடீர்னு நேராயிருச்சா?

எனக்கு எப்படிடா தெரியும்! நான் அடுப்படியில இருந்தேன்! போ, போய்க் கட்டையை நிறுத்து.

ஐயோ... ஐயோ கடவுளே, நான் என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்! அந்த மனுஷன் வாரக்கணக்கா வாயை மூடிக்கிட்டு போட்ட திட்டம். நான் நாலு உருண்டை வச்சு, அதைக் கெடுத்து, லாங்மெர்காரனுக்கு சீதனமா குடுத்திருக்கேன். பாக்கி டென்சில் ஒருத்தர்தான். அவர் மூணு பந்துல எத்தனை வேணுமோ தெரியலையே.

தம்பி! வந்துட்டீங்களா? வேகமா வந்துட்டீங்களே, தாழ்ப்பாள் திறந்துருச்சா? நல்லது. உக்காராதீங்க! நில்லுங்க! உக்காரா... ஐயையோ, உக்காந்துட்டாரே! மூட்டையோட உக்காந்துட்டாரே!

எந்திரிங்க தம்பி. ஆமா, நான்தான் உக்காரச் சொன்னேன். இப்ப நான்தான் எந்திரிக்கச் சொல்றேன். விளக்கம் அப்புறம். புட்டிங்கை நின்னுக்கிட்டே சாப்பிடலாமே? பஸ், பஸ் வந்துருச்சு! போயிருச்சா? எப்பப் போச்சு? என்னாலதான் விட்டீங்களா... அதனால இனி இந்த இடத்தை விட்டு நகர மாட்டீங்களா? தம்பி, வாழ்நாள் பூரா நான் பேச ஆரம்பிச்சா ஆளுங்க பின்வாசல் வழியா ஓடுவாங்க. பாதிரியாரே ஓடினார். இன்னிக்குப் பாத்து எனக்குன்னு ஒரு மலை வந்து உக்காந்துக்கிட்டு, கஸ்டர்டை வழிச்சு வழிச்சுச் சாப்பிடுதே!

டொம். அது டென்சிலோட மொதப் பந்து. ஓரத்துல போயிருச்சு. ஒரு கட்டை கூட விழல. தரையை முறைச்சுப் பாக்குறார், பாவம். இடுக்கு வழியா எனக்கு அந்த மூஞ்சி தெரியுது. தம்பி, எந்திரிங்க. கையைக் குடுங்க, தூக்கறேன். செட்ரிக், அந்தப் பக்கம் பிடி! ஏலேலோ... ம்ஹூம், அசையல. நாலு உருண்டையும் அங்கயே நிக்குது.

இருங்க. கடை மூடற மணி!

வழி விடுங்க, வழி விடுங்க. இந்தக் கயித்தைப் பிடிச்சு இழுத்தா நம்ம நாட்டுல உக்காந்திருக்கிறவன் எவனா இருந்தாலும் எந்திரிப்பான், வளர்ப்பு அப்படி. டண்! டண்! டண்! கடை மூடற நேரமாச்சு, ஐயாமாரே! கிளாஸைக் காலி பண்ணுங்க! எந்திரிங்க, எந்திரிங்க! டண்! டண்!

...பாத்தீங்களா? ஒருத்தன் கூட மணி என்னன்னு பாக்கல. வெளிய இன்னும் வெளிச்சம் போகல, அதையும் எவனும் பாக்கல. எல்லாரும் எந்திரிச்சு, மடமடன்னு குடிச்சுட்டு, கோட்டைத் தேடறான். நீங்களும்தான் தம்பி! வாயில கரண்டியோட அட்டென்ஷன்ல நிக்குறீங்க! அப்படியே இருங்க. ஒரு இஞ்ச் அசையாதீங்க.

உஷ்ஷ்.

படபடபட... ஒன்பது! மறுபடி நிறுத்தறாங்க... மூணாவது பந்து... எறியறார்... போகுது... நேரா போகுது, நூல் பிடிச்ச மாதிரி... ஒன்பது! ஜெயிச்சாச்சா? இட்ரிஸ், ஜெயிச்சாச்சா? எத்தனை வித்தியாசம்? ஒண்ணா! ஒரு கட்டை! ஒரு கட்டை போதும்டா, என் தங்கமே!

தம்பி, தூக்கிக்கிட்டு வராங்க பாருங்க எங்க வீட்டுக்காரரை. குனிங்க! தூக்கறவனுங்களே, குனிங்க, உத்திரம்! ...ணங்கு. ரெண்டாவது உத்திரம். தம்பி, அந்தப் பட்டாணி பாக்கெட்டைக் குடுங்க.

ஏங்க, வலிக்குதா? இருங்க, அழுத்தறேன். ...எல்லாருக்கும் ஊத்தணுமா? ஊத்தறேனே, தாராளமா... ஆங்... மணி அடிச்சாச்சே. ஆமாங்க, மணி அடிச்சாச்சு. அடிச்சா ஒரு சொட்டு ஊத்தக் கூடாதுன்னு நீங்க போட்ட சட்டம்தானே? பாதிரியாருக்கே ஊத்த மாட்டேன்னவர் நீங்க. ...யார் அடிச்சதா? எனக்கு எப்படித் தெரியும்? பழைய கட்டடம், ஆடும், கயிறு தானா இழுத்திருக்கும். என்னை ஏன் எல்லாரும் பாக்குறீங்க?

தம்பி, நீங்க வாயைத் திறக்கப் போறீங்க மாதிரி இருக்கு. வேணாம். சாயங்காலத்துலேருந்து திறக்கல, இனிமேயும் வேணாம். அந்தக் கிளாஸ் இன்னும் நிறைஞ்சு இருக்குல்ல? மணிக்கு முந்தி ஊத்தினது, அது செல்லும். இவருக்குக் குடுங்களேன். ம்... நல்ல பிள்ளை. குடிங்க, ஏங்க, மெதுவா. புரை ஏறும்.

என்ன சொல்றீங்க? ...கடையைக் குடுக்க வேணாமா? நிஜமாவா? தங்கச்சி ஊருக்குப் போக வேணாமா? ஐயோ, எனக்கு அழுகை வருதுங்க. அழறேன், அழ விடுங்க. ...தரை நேரா இருந்ததாலதான் ஜெயிச்சோமா? கோணல்ல ஜெயிச்சா அது தரை ஜெயிச்சது, இது நாம ஜெயிச்சதுன்னா சொல்றீங்க? இனிமே இப்படியே நேராவே இருக்கட்டுமா?

அப்படிச் சொல்லுங்க! எல்லாரும் இங்க பாருங்க, லாங்மெர்காரங்களும் கேட்டுக்கோங்க. இந்தத் தரையை நேராக்கச் சொன்னது யாரு? தச்சரா? மிஸ் தோர்ன்பரியா? நான்! இருபது தடவை சொல்லி நேராக்க வச்சது நான், இந்த பெரில்! ஊரே என்னைத் திட்டுச்சு, நான் அசையல. அந்தத் தம்பியை வேணும்னா கேளுங்க. உக்காருங்க தம்பி, இப்ப உக்காரலாம், நல்லா உக்காருங்க. சாயங்காலத்துலேருந்து நான் உங்ககிட்ட அதத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்?